எங்கள் பள்ளத்தாக்குக்கு ஒரு பதிவேடு: நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர், வணக்கம்.

சேர்வராயன் மலையின் வடக்குச் சரிவில், வாணியாற்றுக்குத் தண்ணீர் கொண்டுபோகும் ஓடைகளில் ஒன்றின் இரு கரையிலும் உள்ள மலையாளிப் பழங்குடி வளவுகளின் (சிறு குடியிருப்புகளின்) சார்பில் இதை எழுதுகிறோம். ஓடை ஒன்று, மாரியம்மன் ஒன்று, சுடுகாடு ஒன்று. ஆனால் அரசுக் கணக்கில் இந்தப் பள்ளத்தாக்குக்கென்று தனியாக ஒரு வரி கிடையாது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வருவாய்க் கிராமத்தை வைத்து எண்ணுகிறது. எங்கள் வளவுகளில் பாதி ஒரு வருவாய்க் கிராமத்திலும் மீதி அடுத்த கிராமத்திலும் சேர்ந்துபோய்விட்டன. கடைசியாக நடந்த கணக்கெடுப்பு 2011இல். 2021இல் நடக்க வேண்டியது தள்ளிப்போனது. எத்தனை பேர் இருக்கிறோம் என்று யாராவது கேட்டால், ஊர்த்தலைவரான ஊர்க்கவுண்டர் ஒரு எண் சொல்வார், ரேஷன் கடை இன்னொன்று சொல்லும்.

இதற்காகத்தான் ஒரு பதிவேடு தொகுக்கிறோம். அதில் மூன்று பகுதிகள்: பள்ளத்தாக்கின் வரைபடம், வீட்டுவாரிக் குடிக்கணக்கும் வம்சாவளியும், ஊர் வரலாறு. மூன்றுக்கும் சேர்த்து 2,06,500 ரூபாய் ஆகும்.

எண்ணிக்கை ஏன் ஆளுக்கு ஆள் மாறுகிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறோம். ஊர் வசூலுக்குத் தலைக்கட்டுதான் கணக்கு. கல்யாணமான ஆண்மகன் ஒவ்வொருவனும் ஒரு தலைக்கட்டு. தனியாக வாழும் விதவை அதில் வரமாட்டார். கணக்கெடுப்புக்காரருக்கு அடுப்புதான் கணக்கு, ஒரே அடுப்பில் சாப்பிடுபவர்கள் ஒரு குடும்பம். ரேஷன் கார்டு இரண்டோடும் ஒத்துப்போகாது. ஒரே அடுப்பில் மூன்று கார்டுகளும் உண்டு, இரண்டு அடுப்புக்கு ஒரே கார்டும் உண்டு. ஆகவே எங்கள் படிவத்தில் மூன்றுக்கும் தனித்தனிக் கட்டம் வைத்திருக்கிறோம். திருப்பூருக்கும் பெங்களூருக்கும் வேலைக்குப் போயிருப்பவர்களை விட்டுவிடாமல், ஆறு மாதத்துக்கு மேல் வெளியில் இருந்தால் ‘வெளியூர்’ என்று குறித்துப் பெயரைச் சேர்ப்போம். இந்த விதி இல்லாவிட்டால் ஒருவரே அப்பன் வீட்டிலும் மாமனார் வீட்டிலும் இரண்டு முறை எண்ணப்படுவார்.

வயதுதான் பெரிய தொல்லை. ஆதாரை வாங்கிப் பார்த்தால் பெரியவர்களில் பலருக்குப் பிறந்த நாள் ஜனவரி 1. அது ஆதார் பதிவு மேசையில் உட்கார்ந்தவர் போட்டது. அதனால் வருஷத்தைக் கேட்காமல் சம்பவத்தைக் கேட்கச் சொல்லிப் பழக்குகிறோம். “அண்ணா செத்தப்ப உங்க கையில எத்தன பிள்ள, பாட்டி?” என்றால் உடனே பதில் வரும். அது 1969 பிப்ரவரி. நேரு இறந்தது 1964 மே, இந்திரா சுடப்பட்டது 1984 அக்டோபர், எம்.ஜி.ஆர். இறந்தது 1987 டிசம்பர். இந்த நாலைந்து முளைகளை அடித்துவிட்டால் நடுவில் உள்ள கல்யாணம், பிரசவம், சாவு எல்லாவற்றையும் இரண்டு வருஷ வித்தியாசத்துக்குள் கட்டிவிடலாம்.

வம்சாவளியில் இன்னொரு சிக்கல். தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கும் வழக்கத்தால் ஒரே பெயர் ஒன்றுவிட்ட தலைமுறையில் திரும்பத் திரும்ப வரும். பெயரோடு வளவையும் வீட்டுப் பெயரையும் சேர்த்தே எழுத வேண்டும். இதுவரை சொல்லப்பட்ட வம்சாவளிகளில் பெண்கள் காணாமல் போகிறார்கள். மருமகளாக வந்தவர் எந்த ஊர், எந்த நாடு (மலை ஊர்கள் பல சேர்ந்த பிரிவு) என்று எங்கும் எழுதியதில்லை. சேர்வராயனில் சேல நாடு, முட்ட நாடு, மோக நாடு என்று மூன்று நாடுகள் உண்டு. கொள்வினை கொடுப்பினையை வைத்துத்தான் இந்தப் பள்ளத்தாக்கு எந்தப் பக்கம் சாய்ந்து கிடந்தது என்று தெரியும்.

வரலாற்றுப் பகுதியில் எழுதப்பட்டது வேறு, சொல்லப்படுவது வேறு என்று பிரித்தே அச்சிடுவோம். காஞ்சிபுரத்திலிருந்து வந்த மூன்று அண்ணன் தம்பிகளில் பெரியண்ணன் சேர்வராயனிலும், நடுவண்ணன் பச்சைமலையிலும், சின்னண்ணன் கொல்லிமலையிலும் தங்கினார்கள் என்பது பெரியவர்கள் சொல்வது. அது வழக்காறு, அப்படியே எழுதுவோம். 1792 சீரங்கப்பட்டண ஒப்பந்தத்தில் திப்பு சுல்தானிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனிக்குப் போன சீமையில் சேலமும் ஒன்று என்பது ஆவணத்தில் உள்ளது. 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் மலையில் காப்பியைக் கொண்டுவந்தது, 1882ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டம், 1883இல் லெ ஃபானுவும் 1918இல் ரிச்சர்ட்ஸும் மாவட்டத்தைப் பற்றித் தொகுத்த நூல்கள் எல்லாமே ஆவணங்கள்தான். ஆனால் அவற்றில் ஏற்காட்டுத் தோட்டங்களுக்குக் கிடைக்கும் இடம் எங்கள் மாதிரி வளவுகளுக்குக் கிடைப்பதில்லை. மலையில் கிடைத்த மெருகேறிய கற்கோடரிகளைப் பிள்ளையார் கோயில்களில் வைத்துக் கும்பிட்டதும் பதிவாகியிருக்கிறது. உங்கள் வளவுக் கோயிலில் அப்படி வழுவழுப்பான கூரிய கல் இருந்தால் எடுக்காதீர்கள், கழுவாதீர்கள். இருக்கும் இடத்திலேயே படம் எடுத்துச் சொல்லுங்கள். இதோடு ஒரு வார்த்தை: ‘மலையாளி’ என்ற எங்கள் பெயருக்கும் கேரளத்துக்கும் தொடர்பில்லை. கீழ்நாட்டு அலுவலகங்களில் இன்னமும் இதை விளக்க வேண்டியிருக்கிறது.

வரைபடம் எளிது என்று நினைத்தோம். செல்போனில் எல்லையைச் சுற்றி நடந்தால் போதாதா? போதாது. சில்வர் ஓக் நிழலிலும் பாறைச் சரிவின் அடியிலும் போன் காட்டும் புள்ளி பத்து இருபது மீட்டர் தள்ளி விழுகிறது. அந்த அளவில் ஒரு வீட்டின் காப்பிக்காடு அடுத்த வீட்டுக்குப் போய்விடும், அப்புறம் பஞ்சாயத்துதான். ஆகவே திறந்த இடத்தில் உள்ள எல்லைக்கல், பாறை, ஓடைக்கூடல் ஆகியவற்றில் மட்டும் இரண்டு போன்களில், இரண்டு வேறு நாட்களில் புள்ளி எடுத்துச் சராசரி போடுவோம். நடுவில் உள்ளதை நாடா வைத்து அளப்போம். உயரத்துக்குப் போனை நம்புவதே இல்லை. இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 தாளில் 20 மீட்டருக்கு ஒரு சமஉயரக் கோடு (ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் கோடு) இருக்கிறது, அது போதும். சரிவில் நாடா பிடித்த நீளமும் தாளில் வரும் நீளமும் ஒன்றல்ல என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லித்தருகிறோம். 30 டிகிரிச் சரிவில் 100 மீட்டர் நடந்தால் வரைபடத்தில் 87 மீட்டர்தான்.

ஊற்றுகளை வருஷத்தில் இரண்டு முறை அளக்க வேண்டும்: ஏப்ரலில் கோடை மழைக்கு முன், மறுபடி டிசம்பரில். விடியற்காலையில், மோட்டார் போடுவதற்கு முன்பு போக வேண்டும். ஊற்றுக்கண்ணைச் சுற்றிக் களிமண் அணைத்து, வாழைமட்டையால் ஒரே வாய் வைத்து, 10 லிட்டர் வாளியைப் பிடித்து மூன்று முறை நேரம் பார்க்க வேண்டும். 25 நொடியில் நிரம்பினால் நிமிடத்துக்கு 24 லிட்டர், ஒரு நாளைக்கு 34,560 லிட்டர். பக்கவாட்டில் கசிவதை அணைக்காமல் அளந்தால், ஊற்று வற்றிவிட்டது என்று தப்பாக எழுதிவைப்போம்.

இவ்வளவு மெனக்கெடுவது அலமாரியில் வைக்க அல்ல. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டத்தில் பழங்குடியினர் 2005 டிசம்பர் 13க்கு முன்பிருந்தே நிலத்தில் இருந்ததைக் காட்ட வேண்டும். அதற்குப் பெரியவர்களின் எழுத்து வாக்குமூலம், வம்சாவளி, பழைய வேலி, கிணறு, சுடுகாடு போன்ற அடையாளங்கள், அரசிதழ், கணக்கெடுப்பு எல்லாம் சான்றாகும். ஒரே சான்று மட்டும் போதாது. பிள்ளைகளின் பழங்குடிச் சான்றிதழுக்கு வருவாய்க் கோட்டாட்சியர் அலுவலகத்தில் நிற்கும்போதும் இந்த வம்சாவளிதான் கைகொடுக்கும்.

இனி செலவு. நான்கு இளைஞர்களுக்கு 40 நாள், நாளுக்கு 600 ரூபாய் வீதம் 96,000. இதைக் குறைக்க மாட்டோம். காப்பி பறிக்கப் போனால் கிடைப்பதைவிடக் குறைவாகக் கொடுத்தால் மூன்றாம் நாள் ஒருவரும் வரமாட்டார்கள். பெரியவர்களோடு உட்காரும் நாட்களில் டீக்கும் மத்தியானச் சோற்றுக்கும் 6,500. தகவல் சேமிக்க ஹார்டு டிஸ்க் இரண்டு, பழைய காகிதங்களைப் படமெடுக்கும் ஸ்டாண்டு, விளக்கு எல்லாம் சேர்த்து 14,200. ஹார்டு டிஸ்க் ஏன் இரண்டு என்றால், ஒன்று எப்போதும் வேறு வளவில் இருக்கும். காகிதங்களைப் பாதுகாக்க அமிலமில்லாத உறைகள் 5,000. சுவரில் மாட்டும் பெரிய வரைபடம் ஆறு, 4,800. சேலத்துக்கும் எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்துக்கும் போய்வர, நகல் எடுக்க 10,000. பதிவேட்டைப் புத்தகமாக அச்சிட 160 பக்கத்தில் 500 பிரதி, ஒன்றுக்கு 140 ரூபாய் வீதம் 70,000. காகித விலை ஏறினால் அச்சுச் செலவு மட்டும் மாறும். பணம் போதாவிட்டால் முதலில் கைவிடுவது வண்ணப் பக்கங்களை, கடைசியில் கைவைப்பது களப்பணியில்.

தலைக்கட்டுக்கு 200 ரூபாய் ஊரிலேயே வசூலாகிறது. மீதியைத்தான் வெளியூரில் இருக்கும் நம் பிள்ளைகளிடமும் மலையை நேசிப்பவர்களிடமும் கேட்கிறோம். 600 கொடுத்தால் ஒரு ஆளின் ஒரு நாள். 140 கொடுத்தால் ஒரு பிரதி. வரிசை எண் போட்ட ரசீது எல்லோருக்கும் உண்டு. நன்கொடைக்கு வருமான வரிச்சலுகை கிடையாது, இதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறோம். நன்கொடையாளர் பெயர்கள் கடைசிப் பக்கத்தில், தொகை இல்லாமல், அகர வரிசையில் வரும். பள்ளத்தாக்கில் எல்லைத் தகராறு உள்ளவர் எவரிடமும், தோட்டக்காரரானாலும் ஊர்க்காரரானாலும், பணம் வாங்கமாட்டோம். வரவு செலவு மாதத்தின் முதல் ஞாயிறு சாவடியில் ஒட்டப்படும்.

புத்தகத்தில் வளவுவாரியான மொத்த எண்ணிக்கை மட்டும் வரும். வீட்டு விவரமும் வம்சாவளியும் பூட்டிய பெட்டியில் இருக்கும். அந்தந்த வீட்டார் கேட்டால் அவர்கள் பக்கத்தை மட்டும் நகல் எடுத்துத் தருவோம்.

காப்பி பறிப்பு முடிந்து பிப்ரவரியில் களப்பணி தொடங்கும். மே மாதம் சேர்வராயன் திருவிழாவுக்கு வெளியூர்க்காரர்கள் வரும்போது பட்டியலைச் சத்தமாகப் படித்துத் திருத்துவோம். விட்டுப்போன பெயரைச் சொல்ல அதைவிட நல்ல இடமில்லை.

பணம் இல்லாதவர்கள் காகிதம் தரலாம்: பழைய பட்டா, அடங்கல் நகல், கிஸ்தி ரசீது, பள்ளிக்கூடச் சான்றிதழ், கல்யாணப் படம். அப்படித் தரும்போது தயவுசெய்து லேமினேஷன் போடாதீர்கள். சூட்டில் மசியும் தாளும் கெடலாம், பிறகு பிரிக்கவும் முடியாது. செல்லோடேப் ஒட்டாதீர்கள், ஸ்டேப்ளர் அடிக்காதீர்கள். மழைக்கால ஈரத்தில் ஒட்டிக்கொண்ட தாள்களைப் பிரிக்க முயலாமல் அப்படியே ஒரு செய்தித்தாளில் வைத்துக் கொண்டுவாருங்கள். அன்றைக்கே படமெடுத்து, அசலை அன்று மாலையே உங்கள் கையில் திருப்பித் தந்துவிடுவோம்.

இப்படிக்கு,
பள்ளத்தாக்குப் பதிவேட்டுக் குழு