சிவப்பு வான்காரனின் நன்றி மடல்

வணக்கம்.

வேலை இல்லாமல் நின்ற காலத்தில் எனக்குக் கை கொடுத்தவர்களுக்கு இதை நான் 2024 ஒக்ரோபரில் புது வேலை கிடைத்த உடனேயே எழுதியிருக்க வேண்டும். இரவு வேலை, இரண்டு பஸ் மாறிப் போய் வருகிற பாடு, பகலில் நித்திரை என்று நாள் ஓடிவிட்டது. மறந்துவிட்டேன் என்று மட்டும் நினைக்காதீர்கள்.

2024 ஜனவரி 26, வெள்ளிக்கிழமையோடு என் வேலை போனது. கனடாவில், ரொறன்ரோவுக்குப் பக்கத்து மார்க்கம் நகரில் ஒரு சின்னக் களஞ்சியசாலையில் பதினொரு வருஷம் ஃபோர்க்லிஃப்ற் ஓட்டினேன். நவம்பரிலேயே கடிதம் தந்திருந்தார்கள், ஆகவே திடீர் அடி என்று சொல்ல முடியாது. ஆனாலும் அந்த எட்டுக் கிழமைக்குள் வேறு வேலை எடுத்துவிடலாம் என்று நம்பினேன் பாருங்கள், அதுதான் என் விசர்த்தனம். முந்தி நான் வேலை தேடின காலத்தில் பாதுகாப்புச் சப்பாத்தோடு, வேலைக்கு ஆள் அனுப்புகிற ஏஜென்சி வாசலில் போய் நின்றால் அடுத்த நாள் வேலை. 2024இல் அதே வாசலில் பட்டம் முடித்த பெடியங்களும் வெளிநாட்டு மாணவர்களும் குளிருக்குள் வரிசையில் நின்றார்கள். பெயரை எழுதிவிட்டுப் போங்கள், கூப்பிடுகிறோம் என்பார்கள். கூப்பிடமாட்டார்கள்.

முதல் நன்றி மேல்வீட்டு அக்காவுக்கு. வேலை போய் ஒரு கிழமையாகியும் நான் ஈ.ஐ.க்கு, அதாவது வேலை போனவர்களுக்கு அரசாங்கம் தருகிற காப்புறுதிக் காசுக்கு, விண்ணப்பிக்கவில்லை. எவ்வளவு உழைத்தேன், ஏன் வேலை முடிந்தது என்று எழுதித் தரவேண்டிய ஆர்.ஓ.ஈ. தாளைக் கொம்பனி அனுப்பாமல் இழுத்தடித்தது ஒரு காரணம், மற்றது வெட்கம், ஒரு பிறந்தநாள் கொண்டாட்டத்தில் ஒருவர் "அப்ப இனி வெல்ஃபெயரோ?" என்று, அரசாங்க உதவிக்காசைச் சொல்லி, சிரித்துக்கொண்டு கேட்டது நெஞ்சுக்குள் கிடந்தது. அக்கா படியிறங்கி வந்து, என் கடைசிச் சம்பளத் துண்டை வாங்கி, ஈ.ஐ. என்று வெட்டியிருந்த வரியில் விரலை வைத்து, "தம்பி, இது பிச்சைக் காசில்லை. நூறு டொலருக்கு ஒரு டொலர் அறுபத்தாறு சதம் உம்மட்ட வெட்டினவங்கள். அதைப்போல 1.4 மடங்கு கொம்பனியும் கட்டவேணும். வீடு எரிஞ்சா இன்சூரன்ஸ் கேக்க வெக்கப்படுவீரோ?" என்றார். வெல்ஃபெயர் வேறு, இது வேறு என்பது எனக்கும் தெரியும்தான், ஆனால் அதை இன்னொருவர் சொல்லிக் கேட்கவேண்டியிருந்தது. தாள் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை, வேலை முடிந்து நாலு கிழமைக்குள் விண்ணப்பித்துவிட வேண்டும் என்பதும் அவர் சொல்லித்தான் தெரியும். அன்றிரவே அவருடைய கணினியில் போட்டோம்.

மூன்று கிழமை கழித்து ஆர்.ஓ.ஈ. வந்தது, நான் தானாக விலகினேன் என்ற காரணத்தோடு! அப்படியே நின்றிருந்தால் ஒரு சதமும் கிடைத்திராது. ஈ.ஐ.யைக் கவனிக்கிற அரசாங்க அலுவலகமான சேர்விஸ் கனடாவுக்குப் போன் அடித்து, ஒன்றரை மணித்தியாலம் அவர்களுடைய பாட்டைக் கேட்டுக்கொண்டிருந்த பிறகு ஒரு பெண் வந்தார். பிரெஞ்சுக்காரர் போலப் பேச்சு. நவம்பர்க் கடிதம் கையில் இருக்கிறதா என்று கேட்டார், படம் எடுத்து வைக்கச் சொன்னார், தானே கொம்பனிக்கும் அடித்துக் கதைத்தார். பெயர் தெரியாது. அவர் இதை வாசிக்கப் போவதுமில்லை. இருந்தாலும் எழுதி வைக்கிறேன், நன்றி அம்மா.

காசுக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன், இதே நிலைமையில் இருக்கிற ஆருக்காவது உதவும். மணிக்கு 21.50, கிழமைக்கு 40 மணித்தியாலம், ஆக 860 டொலர். அதில் 55 வீதம்தான் ஈ.ஐ., 473. அதிலும் வரி கழியும். (எவ்வளவு பெரிய சம்பளக்காரராக இருந்தாலும் அந்த வருஷம் உச்சம் கிழமைக்கு 668தான்.) முதல் கிழமைக்கு ஒன்றும் இல்லை. எனக்கு 38 கிழமைவரை காசு என்று எழுதினார்கள், முதல் காசு கணக்கில் விழ மார்ச் நடுப்பகுதியாகிவிட்டது. மனைவியின் அரைநேர வேலையும் மாதாமாதம் 20ஆம் திகதியளவில் பிள்ளைகளுக்கென்று அரசாங்கம் போடுகிற பிள்ளைக்காசும் இல்லாவிட்டால் அந்த மாரி போயிருக்காது.

வீட்டுக்காரர் இரண்டு மாத வாடகையைத் துண்டு துண்டாக வாங்கினார். மத்திய வங்கி வட்டி 5 வீதத்தில் நின்ற நேரம் அது, அவருடைய வீட்டுக்கடன் மோர்ட்கேஜே அவரைத் தின்றுகொண்டிருந்தது. ஒரு நாளும் கதவைத் தட்டிக் கேட்கவில்லை.

ரொறன்ரோவின் மல்வேர்ன் நூலகத்தில் ஒரு தம்பி. 2023 ஒக்ரோபரில் நடந்த இணையத் தாக்குதலில் விழுந்த கணினிகள் அப்போதுதான் திரும்ப இயங்கத் தொடங்கியிருந்தன. என் பழைய ரெஸ்யூமேயைப் பார்த்துவிட்டு, "அங்கிள், இதில ஃபக்ஸ் (fax) நம்பர் இருக்கு" என்று சிரிக்காமல் சொன்னான். மூன்று பின்னேரம் கூட இருந்து புதுசாக எழுதித் தந்தான். எங்கெங்கே விண்ணப்பித்தேன் என்று ஒரு பட்டியலும் வைக்கப் பழக்கினான், ஈ.ஐ. காரர் கேட்டால் காட்டவேண்டும். கடைசியில் அந்தப் பட்டியல் 140ஐத் தாண்டியது.

சனி ஞாயிறில் வெங்காயம் வெட்ட என்னைக் கூப்பிட்ட கொத்துரொட்டிக் கடைக்கார அன்ரி, நீங்கள் கையில் காசாகத் தராமல் சம்பளத் துண்டோடு தந்தது எவ்வளவு நல்லதாய்ப் போயிற்று. "அதையேன் சொல்லுறாய், அவங்களுக்குத் தெரியவா போகுது" என்று புத்தி சொன்னவர்கள் கனபேர். நான் இரண்டு கிழமைக்கு ஒருக்கா கொடுக்கிற அறிக்கையில் சதம் விடாமல் சொன்னேன். 120 டொலர் உழைத்தால் 60ஐக் கழித்தார்கள். மிச்சம் 60 எனக்கு, இரவு நித்திரையும் எனக்கு.

ஓகஸ்டில் யாழ்ப்பாணத்தில் மருமகளின் கலியாணம். நாட்டுக்கு வெளியில் நின்றால் அந்த நாட்களுக்குக் காசு இல்லை, ரிக்கெற்றுக்கும் வழியில்லை. என் இடத்தில் சாறியைக் கொண்டுபோய்க் கொடுத்து, தாலி கட்டுகிற நேரம் வட்ஸ்அப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நின்ற நண்பனுக்கு என்ன சொல்ல. கை ஆடாமல் பிடித்தாயடா.

35 கிழமை எடுத்த பிறகு, ஒக்ரோபர் 7 வேலை தொடங்கினேன். மணிக்கு 19 டொலர், முன்னையதைவிடக் குறைவு, இரவு வேலை. பரவாயில்லை.

கடைசியாக மரக்கறிக் கடை அண்ணை. அரிசி, பருப்பு, பால்மா எல்லாம் கடனுக்குத் தந்தீர்கள். வரிசையில் நிற்கிற ஆக்களுக்குத் தெரியக்கூடாது என்று கொப்பியில் என் பெயரை எழுதாமல் ‘சிவப்பு வான்’ என்று எழுதினதை நான் ஒரு நாள் எட்டிப் பார்த்துவிட்டேன். மிச்சம் 38 டொலர் இருக்கிறது, வெள்ளிக்கிழமை கொண்டுவந்து தருகிறேன். அந்தப் பெயரையும் வெட்டிவிடுங்கோ அண்ணை. வானை ஜூலையிலேயே விற்றுப்போட்டேன்.