யூத வெறுப்புக்குச் சரியான சொல் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் முத்தியால்பேட்டைத் தேநீர்க் கடையில் தங்கள் இதழைப் படித்துக்கொண்டிருந்த கல்லூரி மாணவர் ஒருவர், "சார், யூத எதிர்ப்பு என்றால் இஸ்ரேலை எதிர்ப்பதா?" என்று என்னிடம் கேட்டார். வரலாறு நடத்தி ஓய்வுபெற்ற எனக்கு அக்கேள்வி சுருக்கென்று தைத்தது. பிழை மாணவருடையதன்று, நாம் ஆளும் சொல்லினுடையது.

பன்னாட்டு ஹோலோகாஸ்ட் (நாஜிகள் நடத்திய யூத இனப்படுகொலை) நினைவுக் கூட்டணி, யூத வெறுப்புக்கு 2016 மே மாதம் புகாரெஸ்டில் ஏற்ற வரையறை சட்டப்படி யாரையும் கட்டுப்படுத்தாதது. மற்ற நாடுகள் மீது வைக்கப்படுவது போன்ற விமர்சனத்தை இஸ்ரேல் மீது வைப்பது யூத வெறுப்பாகாது என்று அதுவே கூறுகிறது. ஆயினும் அதன் 11 எடுத்துக்காட்டுகளில் பெரும்பாலானவை இஸ்ரேலைத் தொட்டே பேசுவதால், பேச்சுரிமையை ஒடுக்க அது பயன்படுகிறது என்ற கண்டனம் எழுந்தது. மூல வரைவை உருவாக்கியவர்களில் முதன்மையான கென்னத் ஸ்டெர்னும் அப்படிப் பயன்படுத்துவதை எதிர்க்கிறார். 2021-இல் அறிஞர்கள் சுமார் 200 பேர் ஜெருசலேம் பிரகடனம் என்ற மாற்று வரையறையை வெளியிட்டனர். எனக்கு அதுவே தெளிவாகப் படுகிறது.

இவ்வளவு நுட்பமான விவாதத்தை 'யூத எதிர்ப்பு' என்ற சொல் தாங்காது. எதிர்ப்பு என்பது அரசியல் நிலைப்பாடு. தமிழில் அதற்குக் கௌரவமும் உண்டு. ஒருவர் யூதராகப் பிறந்தார் என்பதற்காகவே அவரைப் பகைப்பது வெறுப்பு. 'ஆன்டிசெமிட்டிசம்' என்ற ஆங்கிலச் சொல்லை அப்படியே பெயர்த்து 'செமிட்டிய எதிர்ப்பு' என்று எழுதினாலோ, அரபியும் செமிட்டிய மொழிதானே என்ற குழப்பம் சேர்ந்துகொள்ளும்.

புதுச்சேரிக்காரர்களுக்கு இது தொலைவிலுள்ள செய்தியன்று. பிரெஞ்சு தேசிய நாளான ஜூலை 14-ஐ ஒட்டி நம் கடற்கரைச் சாலைப் போர் நினைவுச் சின்னத்தில் மலர்வளையம் வைக்கிறோம். அதற்கு இரண்டு நாள் கழித்து வரும் தேதியை எவரும் நினைப்பதில்லை. 1942 ஜூலை 16, 17 தேதிகளில், நாஜி ஜெர்மனியின் பிடியில் இருந்த பாரீஸ் பகுதியில் பிரெஞ்சுக் காவலர்களே, 4,000-க்கும் மேற்பட்ட குழந்தைகள் உட்பட, சுமார் 13,000 யூதர்களைக் கைது செய்தனர். பிள்ளைகளோடு பிடிபட்ட குடும்பங்களைச் சைக்கிள் பந்தய அரங்கில் அடைத்தனர். அதில் பிரெஞ்சு அரசுக்கு இருந்த பொறுப்பை அதிபர் சிராக் ஒப்புக்கொண்டது 1995-இல்தான்.

எனவே, தங்கள் இதழ் 'யூத வெறுப்பு' என்ற சொல்லையே ஆளவும், ஒருவர் மீது அக்குற்றச்சாட்டு வரும்போது எந்த வரையறையின்படி என்பதையும் சேர்த்து எழுதவும் வேண்டுகிறேன். யூதர்களை நாஜிகள் கொன்று குவித்த ஆஷ்விட்ஸ் முகாம் மீட்கப்பட்ட ஜனவரி 27, ஐ.நா. அறிவித்த ஹோலோகாஸ்ட் நினைவு நாள். குடியரசு நாள் அணிவகுப்புப் படங்களுக்கிடையே அதற்கும் ஒரு பத்தி ஒதுக்குங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்,
முத்தியால்பேட்டை, புதுச்சேரி