கண்ணாடிக் கூண்டில் பதினேழு நிமிடம்: எங்கள் சிங்கப்பூர்க் கொண்டோ அடுக்குமாடியின் நிர்வாகக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிர்வாகக் குழுத் தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

நம் வாசலின் இரண்டு கதவுக்கும் நடுவில் என் அம்மா மாட்டிக்கொண்ட விஷயமாக நான்கு மின்னஞ்சல் அனுப்பியாகிவிட்டது. நான்கும் ஆங்கிலத்தில். நான்குக்கும் புகார் எண் வந்தது, பதில் வரவில்லை. மூன்றாவதற்கு மட்டும் கூடுதலாக ஒரு வரி இருந்தது: குடியிருப்பாளர் தம் முகத்தை மீண்டும் பதிவுசெய்துகொள்ளலாமாம். சரி, ஐந்தாவதைத் தமிழில் எழுதுகிறேன். குழுவில் தமிழ் வாசிக்கத் தெரிந்தவர்கள் இரண்டு பேர் இருக்கிறீர்கள். மற்றவர்களுக்கு எடுத்துச் சொல்வீர்கள் என்று நம்புகிறேன். சொல்லாவிட்டாலும் பாதகமில்லை. நமக்குப் புரியாத மொழியில் ஒரு கதவு நம்மிடம் பேசினால் எப்படி இருக்கும் என்று மற்றவர்களுக்கும் கொஞ்சம் தெரியட்டும்.

நடந்தது உங்களுக்குத் தெரியும். கேமராப் பதிவை நீங்கள் எல்லாரும் பார்த்துவிட்டதாக மேலாளர் சொன்னார். ஆனால் அந்தப் பதிவில் சத்தம் கிடையாது. அதனால் சத்தத்தோடு ஒருமுறை சொல்லிவிடுகிறேன்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை காலை. என் அம்மா தேக்கா சந்தையிலிருந்து திரும்பி வந்தார். வயது 78. கையில் சக்கரம் வைத்த சந்தை வண்டி. அதில் ஒரு வாவல் மீன், முருங்கைக்கீரை, வெற்றிலை. வெளியே நல்ல மழை. போன் வீட்டில் சாமி மாடத்துக்குப் பக்கத்தில் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது. வெளிக்கதவில் பழைய சாம்பல் நிறக் கார்டைக் காட்டினார். திறந்தது. வண்டியை இழுத்துக்கொண்டு உள்ளே வந்தார். பின்னால் கதவு மூடிக்கொண்டது. உள்கதவு கார்டுக்கு மசியாது. அதற்கு முகம் வேண்டும், இல்லாவிட்டால் போன் வேண்டும். அம்மா முகத்தைக் காட்டினார். மூக்குக்கண்ணாடி முழுக்க ஆவி படிந்திருந்தது. திரை சிவப்பானது. கண்ணாடியைக் கழற்றினார். கழற்றினால் திரை எங்கே இருக்கிறது என்றே அவருக்குத் தெரியாது. மறுபடியும் சிவப்பு. மழைக்காகத் தலையில் போட்டிருந்த முந்தானையை இறக்கிவிட்டு, குதிகாலை உயர்த்தி நின்று பார்த்தார். அந்தக் கேமரா என் உயரத்துக்கு மாட்டியது. அம்மா என் தோளுக்கும் கீழே. மூன்றாவது சிவப்பு.

மூன்று தடவை தவறினால் இரண்டு கதவும் இறுகிக்கொள்ளும். அப்படித்தான் அமைத்திருக்கிறீர்கள்.

சுவரில் இருந்த அழைப்புப் பொத்தானை அழுத்தினார். முன்பு அதை அழுத்தினால் நம் வாசல் காவலர் எழுந்து வருவார். இப்போது எங்கோ ஒரு அலுவலகத்தில், பல கட்டடங்களின் வாசல்களை ஒரே மேசையில் இருந்து பார்த்துக்கொள்ளும் ஒருவரின் குரல் வருகிறது. யூனிட் எண்ணைச் சொல்லுங்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டது குரல். அம்மா தமிழில் சொன்னார். மீண்டும் சொல்லுங்கள் என்றது. அம்மா மலாயில் சொன்னார். 1967இல் கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்தவர் அவர். ஆங்கிலம் ஒட்டவே இல்லை, சந்தை மலாய் மட்டும் தண்ணீர்பட்ட பாடு. மீண்டும் சொல்லுங்கள் என்றது. அப்புறம் இணைப்பு போய்விட்டது.

வெளியே பெருக்கிக்கொண்டிருந்த துப்புரவுத் தம்பி ஒருவர்தான் பார்த்தார். புதுக்கோட்டைப் பக்கம். "ஆத்தா, அப்படியே நில்லுங்க, இந்தா வந்துர்றேன்" என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்து கையைக் காட்டிவிட்டு ஓடினார். எங்கே ஓடினார்? குப்பை அறைக்குப் பக்கத்தில் இருக்கும் சேவை வாசலுக்கு. அந்தக் கதவை ஒரு செங்கல் எப்போதும் திறந்து பிடித்திருக்கும். அதன் வழியாக லாபிக்குள் வந்து, வெளியேறுகிறவர்களுக்காக வைத்திருக்கும் பொத்தானை அழுத்தினார். உள்கதவு திறந்தது. அதுவரை ஆனது பதினேழு நிமிடம்.

கார்டும் பதிவுசெய்த முகமும் உள்ளவர் கண்ணாடிக் கூண்டுக்குள் நின்றார். இரண்டுமே இல்லாதவர் கட்டடத்துக்குள் நின்றார். இந்த அமைப்புக்கு நாம் எல்லாரும் பராமரிப்பு நிதியிலிருந்து பணம் கொடுத்திருக்கிறோம்.

அம்மா மேலே வந்ததும் மீனைத் தொட்டியில் போட்டுவிட்டு, "மீன் வாங்கப் போனவளை மீன் தொட்டிக்குள்ள நிறுத்திட்டாங்கடா" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அன்று சாயங்காலம் அவர் கீழே நடக்கப் போகவில்லை. மறுநாளும் போகவில்லை. கேட்டதற்கு, முட்டி வலி என்றார்.

இதற்கெல்லாம்கூட நான் இப்படி ஊரறிய எழுதியிருக்க மாட்டேன். அடுத்த புதன்கிழமை மின்தூக்கிக்குள் ஒட்டினீர்களே ஒரு சுற்றறிக்கை, அதுதான் எழுத வைத்தது. சேவை வாசலைத் தவறாகப் பயன்படுத்திய துப்புரவு ஊழியர் ஒருவர் எச்சரிக்கப்பட்டிருக்கிறார் என்றும், அந்த வாசலில் விரைவில் எச்சரிக்கை மணி பொருத்தப்படும் என்றும் அதில் இருந்தது. அம்மாவைப் பற்றி ஒரு வரி இல்லை. கூண்டைப் பற்றி ஒரு வரி இல்லை. மொத்தச் சம்பவத்திலும் மூளையைப் பயன்படுத்திய ஒரே ஆளுக்கு எச்சரிக்கை.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. இரண்டு கதவுக்கும் நடுவில், உள்ளே மாட்டிக்கொண்டவர் தானே அழுத்தி வெளிக்கதவைத் திறந்துகொள்ள ஒரு பொத்தான். இந்த ஊரின் நான்கு அதிகாரத்துவ மொழியிலும் எழுதிய பொத்தான். யார் அழுத்தினாலும், ஏன் அழுத்தினீர்கள் என்று கேட்காத பொத்தான். தயவுசெய்து அதை வையுங்கள்.

தொழில்நுட்பம் தெரியாமல் பேசுகிறேன் என்று நினைக்க வேண்டாம். இருபத்திரண்டு வருடம் கதவு, பூட்டு வேலை பார்த்தவன் நான். ஜூரோங்கிலும் துவாஸிலும் எத்தனையோ வாசலுக்கு மேக்னட் லாக், அதாவது மின்காந்தப் பூட்டு, மாட்டியிருக்கிறேன். பழைய கார்டை மாற்ற வேண்டும் என்று கூட்டத்தில் முதலில் கை தூக்கியவர்களில் நானும் ஒருவன். அந்தச் சாம்பல் கார்டு 125 கிலோஹெர்ட்ஸ் வகை. எந்த ரீடர் கேட்டாலும், கேட்பது யார் என்று பாராமல் தன் எண்ணைச் சொல்லிவிடும். சாவிக்கடையில் நிமிஷத்தில் நகல் எடுத்துவிடலாம். அதற்கு அடுத்து வந்த 13.56 மெகாஹெர்ட்ஸ் கார்டுகளிலும் பரவலாகப் புழங்கிய ஒரு வகையின் ரகசியக் குறியீட்டை நெதர்லாந்துப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2008லேயே உடைத்துக் காட்டிவிட்டார்கள். ஆக, நல்ல குறியாக்கம் உள்ள கார்டுக்கு மாறுவது நியாயம். ஒருவர் முதுகுக்குப் பின்னால் இன்னொருவர் ஒட்டிக்கொண்டு நுழைவதைத் தடுக்க ஏதாவது செய்ததும் நியாயம்.

ஆனால் நீங்கள் என்ன செய்தீர்கள்? கண்ணாடிக் கதவை ஒரு கான்ட்ராக்டரிடம் கொடுத்தீர்கள். முகக் கேமராவையும் செயலியையும் இன்னொருவரிடம். தீ எச்சரிக்கை இணைப்பு மூன்றாமவரிடம். மூன்று பேரும் அவரவர் வேலையை ஒழுங்காகத்தான் முடித்திருக்கிறார்கள். மூன்றும் சேர்ந்தால் ஒரு வாசல், அதில் மனிதர்கள் நடந்து போவார்கள் என்று யோசிக்கத்தான் யாருக்கும் காசு கொடுக்கவில்லை. நகல் எடுக்கக்கூடிய பழைய கார்டு வெளிக்கதவில் இன்னமும் வேலை செய்கிறது, உள்கதவில் வேலை செய்யவில்லை என்றால், ஆளைக் கூண்டுவரை விட்டுவிட்டு அப்புறம் யார் என்று கேட்கிறோம் என்று அர்த்தம்.

ஒரு கதவு மூடினால்தான் அடுத்தது திறக்கும் இந்த இன்டர்லாக் அமைப்பு தரவு நிலையங்களுக்கும் பணம் வைக்கும் அறைகளுக்கும் பொருத்தமானது. நானே மாட்டியிருக்கிறேன். நான் மாட்டிய இடங்களில் 24 மணி நேரமும் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஓர் ஆள் உட்கார்ந்திருப்பார். அந்த ஆளும் சேர்ந்ததுதான் அமைப்பு. நீங்கள் கதவை வாங்கிக்கொண்டு ஆளை எடுத்துவிட்டீர்கள்.

அந்த ஆளைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒன்பது வருடம் நம் வாசலில் இருந்த மலாய்க்காரப் பெரியவர், அம்மாவைப் பார்த்ததும் "மாக்சிக், சூடா மாக்கான்?" என்று கேட்பார். அம்மா சாப்பிட்டாச்சு என்பார். வண்டியை வாங்கி மின்தூக்கிவரை இழுத்து வந்துவிடுவார். அவருக்கும் முகம் அடையாளம் தெரியும். மழையில் நனைந்தாலும் தெரியும், கண்ணாடி போட்டாலும் கழற்றினாலும் தெரியும்.

அவசரத்துக்கு உடைத்துக் கதவைத் திறக்கக் கூண்டுக்குள்தான் பச்சைப் பெட்டி இருக்கிறதே, அதை உடைத்திருக்கலாமே என்று மேலாளர் கேட்டார். உண்மைதான். தீ எச்சரிக்கை ஒலித்தால் மேக்னட் லாக் தானாக விட்டுவிட வேண்டும், மின்சாரம் போனாலும் விட்டுவிட வேண்டும், கையால் திறக்கவும் வழி இருக்க வேண்டும். குடிமைத் தற்காப்புப் படையின் தீப் பாதுகாப்பு விதிகளை வைத்துத்தான் நாங்கள் வேலை செய்தோம். மின்சாரம் இருக்கும்வரை அந்தக் காந்தம் 540 கிலோ இழுப்பைத் தாங்கும். 78 வயதுக்காரர் தள்ளித் திறக்கிற சமாச்சாரம் அல்ல. சரி, பச்சைப் பெட்டி எங்கே இருந்தது? புதிய நுழைவுமுறையைப் பயன்படுத்துவது எப்படி என்று விளக்கும் உங்கள் ஆளுயரப் பதாகைக்குப் பின்னால். நான் அன்றே போய்ப் படம் எடுத்து அனுப்பினேன். அப்படியே கண்ணில் பட்டிருந்தாலும், பெட்டிக்கு மேலே சிவப்பு எழுத்தில் அபராதம் என்று எச்சரிக்கை. அம்மாவுக்கு ஆங்கிலம் வாசிக்க வராது. ஆனால் டாலர் குறியும் சிவப்பு மையும் சேர்ந்து வந்தால் என்ன அர்த்தம் என்று இந்த ஊரில் ஐம்பது வருடத்துக்கு மேல் இருந்தவருக்குத் தெரியும். தீப்பிடித்தால் திறக்கிறது, கிழவி கூப்பிட்டால் திறக்கவில்லை.

பாதுகாப்பு என்ற பெயரில் இங்கே என்னென்ன நடக்கிறது என்று சொல்ல ஆரம்பித்தால் மடல் முடியாது. டென்னிஸ் ஆடுகிறோமோ இல்லையோ, அதற்குச் செயலி. கறி சுடும் அடுப்புக்குச் செயலி. மின்தூக்கியில் அவரவர் மாடிக்கு மட்டும்தான் போக முடியும் என்று ஆனதிலிருந்து, இந்தப் பொங்கலுக்குப் பன்னிரண்டாம் மாடிக்காரரும் நானும் சர்க்கரைப் பொங்கல் பாத்திரத்தைக் கீழே லாபியில் நின்று கைமாற்றிக்கொண்டோம், ஏதோ கடத்தல் சரக்குபோல. அடுத்து நம் வீட்டுக் கழிவறைக்கும் முகம் கேட்பீர்களோ என்னவோ. மன்னிக்கவும், பேச்சு எங்கேயோ போய்விட்டது.

முகப்பதிவு பற்றி ஒரே ஒரு வார்த்தை. தனிநபர் தகவல் பாதுகாப்பு ஆணையம் 2022இல், நுழைவாயில், கேமரா போன்ற பாதுகாப்புத் தேவைகளுக்கு முகம், விரல்ரேகை முதலியவற்றைப் பொறுப்போடு பயன்படுத்துவது எப்படி என்று ஒரு வழிகாட்டியே வெளியிட்டிருக்கிறது. கார்டு தொலைந்தால் வேறு கார்டு வாங்கலாம். முகம் வெளியே போய்விட்டால் வேறு முகம் வாங்க முடியாது. நம் முகங்கள் யாருடைய கணினியில், எத்தனை நாளைக்கு இருக்கின்றன என்று இரண்டாவது மின்னஞ்சலில் கேட்டிருந்தேன். அதற்கும் புகார் எண் இருக்கிறது.

2030இல் நான்கு குடிமக்களில் ஒருவர் 65 வயதோ அதற்கு மேலோ ஆனவராக இருப்பார் என்று அரசாங்கமே சொல்கிறது. நம் கட்டடத்தில் அந்தக் கணக்கு இப்போதே வந்துவிட்டதோ என்று காலையில் நீச்சல்குளத்தைச் சுற்றி நடப்பவர்களைப் பார்த்தால் தோன்றும். எம்ஆர்டி ரயில் நிலையத்தில் எச்சரிக்கைப் பலகை நான்கு மொழியில் இருக்கிறது. நம் வாசல் மட்டும் ஒரு மொழிதான் பேசுவேன் என்கிறது.

ஆகவே மறுபடியும் அதையே கேட்கிறேன். கூண்டுக்குள் பொத்தான் ஒன்று வேண்டும். அதை மறைக்காத இடத்தில், உட்கார்ந்திருப்பவர் கைக்கும் எட்டுகிற உயரத்தில். உள்கதவிலும் ஒரு கார்டு ரீடர் வையுங்கள். குறியாக்கம் உள்ள புதிய கார்டாகவே இருக்கட்டும், காசு நான் கொடுக்கிறேன். மூன்று தடவை தவறினால் இறுகும் அந்த அமைப்பை எடுத்துவிடுங்கள். கன்ட்ரோலரில் ஒரு நிமிட வேலை, கான்ட்ராக்டர் வேறு மாதிரி சொன்னால் என்னைக் கூப்பிடுங்கள். அந்தத் துப்புரவுத் தம்பிக்குக் கொடுத்த எச்சரிக்கையையும் திரும்பப் பெறுங்கள். நன்றி சொல்ல மனமில்லாவிட்டால் பரவாயில்லை, அதை நாங்கள் சொல்லிவிட்டோம். அம்மா அவருக்கு அந்த வாவல் மீனில் பாதியைக் குழம்பு வைத்துக் கொடுத்தார்.

இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும், ஒளிக்கக் கூடாது. இப்போதெல்லாம் அம்மா முன்வாசலில் வருவதில்லை. சந்தையிலிருந்து வரும்போது சுற்றிக்கொண்டு குப்பை அறைப் பக்கம்தான் போகிறார். கிளம்பும்போதே, "அந்தக் கல்லு இருக்குதான்னு பாத்துட்டு வாடா" என்று என்னைக் கீழே அனுப்புகிறார். இருக்கிறது என்று சொன்ன பிறகுதான் செருப்பை மாட்டுகிறார். அந்த வாசலுக்கு மணி பொருத்தப்போவதாகச் சுற்றறிக்கையில் சொல்லியிருக்கிறீர்கள். பொருத்துங்கள், திறந்து கிடக்கும் வாசல் எனக்கும் பிடிக்காது. ஆனால் தயவுசெய்து, பொத்தானை வைத்த பிறகு அந்தச் செங்கல்லை எடுங்கள்.

இப்படிக்கு,
பதினோராவது மாடியில் குடியிருப்பவன்