நினைவூட்டல் எந்த எண்ணிலிருந்து வரும்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

மருத்துவரைச் சந்திக்கும் முன்பதிவை உறுதிசெய்யச் சிறு தொகை செலுத்துமாறு கூறி, வாட்ஸ்அப்பில் ஏபிகே (கைப்பேசியில் செயலியை நிறுவும்) கோப்பு ஒன்று வந்தால், அதைத் தயங்காமல் மோசடி என்றே கொள்ள வேண்டும். அதை நிறுவி அனுமதிகளையும் அளித்துவிட்டால், கைப்பேசிக்கு வரும் ஓடிபி மோசடிக்காரர்கள் கைக்குப் போய்விடும். மருத்துவமனையின் உண்மையான நினைவூட்டலோ பெரும்பாலும் நாள், நேரம், மருத்துவர் பெயர் ஆகியவற்றோடு நின்றுவிடும்.

ஆனால், எச்சரிக்கையாக இருக்கும் பொறுப்பு முழுவதையும் நோயாளிகள் தலையில் கட்டுவது நியாயமன்று. என் தாயார் சிகிச்சை பெறும் மருத்துவமனையின் கோப்பு அட்டையில் தொலைபேசி எண்கள் அச்சிடப்பட்டுள்ளன. நினைவூட்டல் அழைப்போ அவற்றிலிருந்து வராமல், யாரோ ஓர் ஊழியரின் கைப்பேசியிலிருந்து வருகிறது. வயதானவர்கள் இதில் எதை நம்புவார்கள்? சென்னையிலுள்ள மருத்துவமனைகள் நினைவூட்டலுக்கென ஒரே எண்ணை ஒதுக்கி, அதை மருந்துச்சீட்டிலேயே அச்சிட வேண்டும். பணத்தை இழந்தவர்கள் தாமதமின்றி அழைக்க வேண்டிய 1930 என்ற உதவி எண்ணையும், புறநோயாளிகள் பிரிவில் கண்ணில் படும்படி எழுதி வைக்க வேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
மயிலாப்பூர், சென்னை