கிராங்க், ஹெட், பிளாக் பார்சலில் அனுப்பும் முன்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கும் மெக்கானிக் அண்ணன்மார்களுக்கும் வணக்கம்.

முன்பெல்லாம் கோவை, திருப்பூர், பொள்ளாச்சி வேலைதான் என்ஜின் பாகங்களைக் கடைந்து, சீவிச் சரிசெய்யும் எங்கள் பட்டறைக்கு அதிகம் வரும். மெக்கானிக்கே டெம்போவில் ஏற்றி வந்து இறக்கிவிட்டு, என்ன செய்ய வேண்டும் என்று நேரில் பேசிவிட்டுப் போவார். இப்போது நாகப்பட்டினத்துப் போட் என்ஜின் முதல் தஞ்சாவூர்ப் பக்கத்து அறுவடை மெஷின் வரை பாதி வேலை லாரி பார்சலில்தான் வருகிறது. இத்தனை தூரத்தில் இருந்து நம்பி அனுப்புகிறீர்கள், அதற்கு நன்றி. ஆனால் பார்சலைப் பிரிக்கும்போது பல நேரம் வயிறு எரிகிறது. போரிங்குக்கு (சிலிண்டர் துளையைக் கடைய) வந்த பிளாக்கில், அதாவது என்ஜின் உடலில், மவுண்டிங் காது (போல்ட் போடும் நீட்டல்) உடைந்திருக்கும், ஃபேஸிங்குக்கு (பிளாக்கோடு ஒட்டும் முகத்தைச் சமமாகச் சீவ) வந்த ஹெட்டில், அதாவது பிளாக்கின் மேல் மூடியில், வால்வு வளைந்திருக்கும், கிளம்பும்போது இல்லாத செலவு உங்கள் தலையில் விழுந்திருக்கும். அதைத் தவிர்க்கத்தான் இந்தக் கடிதம்.

முதலில் ஒன்று. பெட்டி உடைந்து கெடுகிற சாமானைவிட, பெட்டி நன்றாக இருந்தும் உள்ளே ஆடி ஆடிக் கெடுகிற சாமான்தான் எங்களிடம் அதிகம் வருகிறது. அட்டைப்பெட்டியில் சுற்றிலும் தெர்மாகோல் வைத்து அனுப்புகிறார்கள். 40 கிலோ இரும்பு அதை முதல் குலுக்கலிலேயே நசுக்கிப் பொடியாக்கிவிடும், அப்புறம் உள்ளே இடம் கிடைத்துவிடும், லாரி பிரேக் போடும்போதெல்லாம் சாமான் போய் இடித்துக்கொண்டே வரும். சாக்கு, பழைய துணி, வைக்கோல் எல்லாம் இதே கதைதான். கனமான சாமானை அடிப்பலகையோடு சேர்த்து போல்ட்டோ பட்டையோ போட்டு முடுக்கிவிட வேண்டும். மூடியை மாட்டும் முன் கையால் தள்ளிப் பாருங்கள், அசையவே கூடாது.

கிராங்க் என்கிற என்ஜினின் சுழல் தண்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் நஷ்டம் அதிகம் அதில்தான். கிராங்கின் ஜர்னலை (பேரிங்கில் உட்கார்ந்து சுழலும் வழவழப்பான பகுதி) நாங்கள் 0.25 மில்லிமீட்டர் படிகளாகத்தான் கிரைண்ட் செய்கிறோம்: 0.25, 0.50, பல என்ஜின்களுக்கு 0.75, 1.00 வரை பேரிங் கிடைக்கும். வழியில் ஒரே ஒரு ஜர்னலில் ஆழமாக ஒரு வெட்டு விழுந்தாலும் அந்த வரிசை முழுவதையும் அடுத்த சைஸுக்கு இறக்க வேண்டியிருக்கும், ஏற்கெனவே கடைசி சைஸில் இருக்கிற கிராங்காக இருந்தால் பழைய இரும்புக்குத்தான் போகும். இடி மட்டுமல்ல, துருவும் இதையே செய்யும். கழுவித் துடைத்த ஜர்னலை வியர்வைக் கையால் பிடித்து, எண்ணெய் தடவாமல், பாலித்தீனில் சுற்றி அனுப்பினால், பிரிக்கும்போது விரல் பதிந்த இடமெல்லாம் பழுப்பாகத் துரு ஏறியிருப்பதைப் பார்க்கலாம். ஐப்பசி மழை நாளில் இது இன்னும் வேகமாக நடக்கும். அதனால் ஒவ்வொரு ஜர்னலிலும் என்ஜின் ஆயிலைத் தாராளமாகத் தடவி, எண்ணெய்க் காகிதம் சுற்றி, அதற்கு மேல் பாலித்தீன் போட்டுக் கட்டுங்கள். துரு தடுக்கும் விசிஐ காகிதம் கிடைத்தால் இன்னும் நல்லது. சாக்கை நேராக ஜர்னல் மேல் சுற்றவே வேண்டாம், ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும்.

பெட்டிக்குள் கிராங்க் உட்கார, கட்டையில் ‘வி’ வடிவில் வெட்டி, மெயின் ஜர்னல்களுக்கு (பிளாக்கில் உட்காரும் ஜர்னல்கள்) அடியில் கொடுங்கள். இரண்டு ஓரத்திலும் ஒவ்வொன்று, ஆறு சிலிண்டர் கிராங்காக இருந்தால் நடுவிலும் ஒன்று. மேலேயும் அதே மாதிரிக் கட்டை வைத்து அழுத்திப் பிடிக்க வேண்டும். முன்பக்க மரையில் பழைய நட்டை மாட்டிவிடுங்கள், தண்டின் பள்ளத்தில் உட்காரும் சின்னச் சாவியைக் கழற்றித் தனியாக வையுங்கள். பல காமன் ரெயில் (மின்னணுக் கட்டுப்பாட்டில் டீசல் பீய்ச்சும்) என்ஜின்களின் கிராங்கில் சென்சாருக்காக ஒரு பல் வளையம் இருக்கும், அதன் மேல் எடை துளிகூடப் படக்கூடாது. அது லேசாக வளைந்தாலும் என்ஜின் ஸ்டார்ட் ஆகாமல் அலைக்கழிக்கும்.

ஹெட்டுக்கு வருவோம். வால்வைத் திறக்கும் கேம் ஷாஃப்ட் மேலேயே இருக்கிற ஹெட் என்றால், கேம் எந்த நிலையில் நின்றாலும் பெரும்பாலும் ஏதாவது ஒரு வால்வு திறந்து, முகத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டுதான் இருக்கும். அந்த ஹெட்டை முகம் கீழே பார்க்க வைத்தால் மொத்த எடையும் அந்த ஒரு வால்வு மேல்தான். பல டீசல் ஹெட்டில் இன்ஜெக்டர் (டீசல் பீய்ச்சும் குழல்) நுனியும் குளோ பிளக்கும் (ஸ்டார்ட் செய்யச் சூடேற்றும் பிளக்) இதே போல நீட்டிக்கொண்டிருக்கும். முடிந்தால் கேமையும் இன்ஜெக்டரையும் கழற்றிவிட்டு அனுப்புங்கள். எப்படியானாலும் முகத்துக்கு ஒரு 12 மில்லிமீட்டர் பிளைவுட்டை அளவாக வெட்டி, வால்வு வருகிற இடத்தில் துளை போட்டு, ஹெட் போல்ட் ஓட்டை வழியாகவே பழைய போல்ட்டை விட்டு முடுக்கிவிடுங்கள். இது அரை மணி நேர வேலை. அலுமினிய ஹெட்டின் முகத்தில் விழுகிற ஒரு கீறலை எடுக்க நாங்கள் மறுபடியும் சீவ வேண்டும், ஒவ்வொரு ஹெட்டுக்கும் இவ்வளவுதான் சீவலாம் என்று எல்லை உண்டு.

பிளாக் பார்க்கத்தான் முரட்டு இரும்பு. வார்ப்பிரும்பு வளைந்து கொடுக்காது, இடித்தால் காது உடையும் அல்லது விரிசல் விடும். ஆயில், தண்ணீர் இரண்டையும் ஒரு பொட்டு விடாமல் வடித்துவிட்டு (ஒழுகுகிற சாமானைப் பார்சல் ஆபீஸில் எடுக்க மாட்டார்கள், எடுத்தாலும் பக்கத்தில் இருக்கிற துணி மூட்டையை நாசம் செய்யும்), மவுண்டிங் ஓட்டைகளிலேயே போல்ட் போட்டு மரச்சட்டத்தோடு இணையுங்கள். கிராங்கைப் பிளாக்கோடு பிடிக்கும் மெயின் கேப்களைக் கழற்றித் தனிப் பையில் போட்டு அனுப்பாதீர்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். அவை அந்த பிளாக்கோடு சேர்த்தே ஒன்றாகத் துளை போட்டவை. ஒரு கேப் தொலைந்தால் வேறு கேப் போட்டு, அதற்காக மொத்த லைனையும் மறுபடி போரிங் செய்ய வேண்டும். நம்பர் போட்டு அதே இடத்தில் மாட்டி, போல்ட்டை முடுக்கி அனுப்புங்கள். பிஸ்டனையும் கிராங்கையும் இணைக்கும் கன்ராடும் அப்படித்தான். அதிலும் உடைத்துப் பிரித்த மாதிரிச் சொரசொரப்பாக இணைப்பு இருக்கிற கன்ராடு என்றால், அந்த உடைப்பு முகத்தில் ஒரு மணல் அளவு நசுங்கினாலும் மறுபடி சரியாக உட்காராது.

சிலிண்டருக்குள் போடும் குழாயான லைனரைப் படுக்க வைத்து மேலே எடை ஏற்றினால் ஓவலாகும், நிறுத்தி வையுங்கள். டர்போவை ஆக்சுவேட்டர் கம்பியைப் பிடித்துத் தூக்க வேண்டாம், வாய்களைத் துணியால் அடைக்காமல் மூடி போட்டு அடையுங்கள். டீசல் பம்ப்பும் அதே மாதிரி.

பெட்டியைப் பொறுத்தவரை, ஒரு ஆள் தூக்க முடியாத எடை என்றால் மரப்பெட்டிதான். ஆணி வேண்டாம், ஸ்க்ரூ போடுங்கள், அதே பெட்டியில் நாங்கள் திருப்பி அனுப்பலாம். அடியில் இரண்டு கனமான ரீப்பர் (மரச்சட்டம்) அடித்தால் தள்ளுவண்டி நுழையும், பக்கத்தில் கயிற்றுப் பிடி கொடுத்தால் லோடுமேன் தூக்குவார். பிடி இல்லாத 80 கிலோ பெட்டியை அவரும் என்ன செய்வார், புரட்டிப் புரட்டித்தான் கொண்டு போக வேண்டும். எடையை இரண்டு பக்கமும் பெரிய எண்ணில் தமிழிலேயே எழுதுங்கள்: “80 கிலோ, இருவர் தூக்கவும், புரட்ட வேண்டாம்”. வெளிநாட்டுக்குத் திருப்பி அனுப்பும் வேலை என்றால் சாதாரண மரம் ஆகாது. உள்வரை 56 டிகிரியில் 30 நிமிடம் சூடாக்கி முத்திரை குத்திய மரம் வேண்டும், பிளைவுட்டுக்கு அந்தத் தொல்லை இல்லை.

இனி புக்கிங். சாமான் மதிப்பைக் குறைத்துப் போடும் பழக்கத்தை விடுங்கள். 2007-ஆம் ஆண்டின் சாலைவழிச் சரக்குச் சட்டமும் அதன் 2011 விதிகளும் சொல்வது இது: கூடுதல் ரிஸ்க் கட்டணம் கட்டாவிட்டால், சேதத்துக்கு லாரி சர்வீஸ் பொறுப்பேற்பது சரக்குக் கூலியின் 10 மடங்கு வரைதான், அதுவும் நீங்கள் போட்ட மதிப்பைத் தாண்டாது. 600 ரூபாய் கூலி கட்டி 40,000 ரூபாய் கிராங்கை அனுப்பினால் கிடைக்கக்கூடியது 6,000 ரூபாய், மதிப்பை 2,000 என்று போட்டிருந்தால் அதுவும் இல்லை. ரிஸ்க் கட்டணமோ இன்சூரன்ஸோ கட்டுங்கள். சேதம் என்றால் புக்கிங் தேதியில் இருந்து 180 நாளுக்குள் எழுத்தில் நோட்டீஸ் கொடுத்தால்தான் வழக்குப் போடவே முடியும். டெலிவரி எடுக்கும்போது பெட்டி அடிபட்டிருந்தால், கையெழுத்துப் போடும் தாளிலேயே அதை எழுதிவிட்டு எடுங்கள். கேரளா, கர்நாடகாவில் இருந்து ஜாப் ஒர்க்குக்கு (கூலிக்கு வேலை செய்து வாங்க) அனுப்பும் ஜிஎஸ்டி பதிவுள்ளவர்கள், மதிப்பு எவ்வளவு குறைவாக இருந்தாலும் இ-வே பில் (சரக்குக்கு ஆன்லைனில் போடும் ஜிஎஸ்டி சீட்டு) போட்டாக வேண்டும்.

மூடி போடும் முன் நாலு பக்கமும் படம் எடுத்து, எல்ஆர் (லாரி ரசீது) நம்பரோடு சேர்த்து எங்கள் வாட்ஸ்அப்புக்கு அனுப்பிவிடுங்கள். பிரிக்கும்போது நாங்களும் படம் எடுத்து உங்களுக்கு அனுப்புவோம். கட்டுவதில் சந்தேகம் என்றால் புக்கிங்குக்கு முன்பே கூப்பிடுங்கள், உங்கள் என்ஜினுக்கு எங்கே கட்டை கொடுக்க வேண்டும் என்று வரைந்தே அனுப்புகிறோம், அதற்குக் காசு கிடையாது.

அன்புடன்,
பட்டறையிலிருந்து