டீச்சர் அக்காவுக்கு, அரைப்பேர் பற்றி

அன்புள்ள டீச்சர் அக்கா,

மேட்டு லயத்துப் பாட்டியின் (தொழிலாளர் வரிசை வீடுகளைத்தான் லயம் என்கிறோம்) கருமாதி போன வாரம் முடிந்தது. நீங்கள் வரவில்லை. கண்டியிலிருந்து பொகவந்தலாவைத் தேயிலை மலைக்கு வந்து திரும்புவது லேசான காரியமா? உங்கள் வீட்டுக்காரர் சாருக்கும் உடம்பு சுகமில்லை என்று கேள்விப்பட்டேன். அதனால் வராததை நான் குறையாகச் சொல்லவில்லை. என் குறை வேறு. அதைத் தொலைபேசியில் எடுத்தாலே நீங்கள் பிள்ளைகளின் படிப்பை விசாரித்து, மழையை விசாரித்து, வைத்துவிடுகிறீர்கள். ஆகவே நாலு பேர் பார்க்கும் இடத்தில் எழுத வேண்டியதாயிற்று. நாலு பேர் பார்ப்பார்கள் என்பதாலேயே சிலவற்றை எழுத மாட்டேன். எந்தத் தோட்டம், எந்தச் சபை, நம் கூட்டம் கலையக் காரணமான அந்த இரவில் வாசலில் குடையோடு நின்றவர் யார் என்பது உங்களுக்குத் தெரியும். மற்றவர்களுக்குத் தெரிய வேண்டிய அவசியமில்லை.

முதலில் செய்தியைச் சொல்லிவிடுகிறேன். வியாழக்கிழமை வேத வாசிப்புக் கூட்டத்தை மறுபடியும் தொடங்கப்போகிறோம். நீங்கள் இருந்த குவாட்டர்ஸில் இப்போது வேறு குடும்பம். எங்கள் லயத்து இஸ்தோப்பில், முன் திண்ணையில்தான் கூடுவோம். மத்தேயு இருபதாம் அதிகாரம், திராட்சத்தோட்டத்து வேலையாட்கள். நாம் விட்ட இடம். நீங்கள் விட்ட இடம் என்று எழுதத்தான் கை போனது.

எனக்கு வேதம் வாசிக்கக் கற்றுக்கொடுத்தது நீங்கள். எழுத்துக்கூட்ட பள்ளிக்கூடத்தில் கற்றுக்கொடுத்தார்கள். ஒரு வசனத்தைப் பிடித்து நிறுத்திக் கேள்வி கேட்க உங்கள் வீட்டில்தான் கற்றேன். ஞாயிற்றுக்கிழமை சபைப் போதகர் ஐயர் வாசிப்பார், விளக்கமும் அவரே சொல்வார், நாங்கள் ஆமென் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போவோம். நீங்களோ ஆளுக்கொரு வசனமாக வாசிக்க வைத்தீர்கள். வாசிக்கத் தெரியாதவர்களை, கேட்ட கதையைத் தங்கள் வாயால் திருப்பிச் சொல்லச் சொன்னீர்கள். அப்படிச் சொல்லும்போது அவர்கள் எதை விடுகிறார்கள், எதைச் சேர்க்கிறார்கள் என்று உன்னிப்பாகக் கேட்பீர்கள். காணாமற்போன வெள்ளிக்காசைப் படித்த நாள் நினைவிருக்கிறதா? பத்துக் காசில் ஒன்றைத் தொலைத்தவள் விளக்கைக் கொளுத்தித் தேடினாள் என்பதால் அது இரவு என்று நான் சொன்னேன். கதவோரம் சாக்கு விரித்து உட்கார்ந்திருந்த பாட்டி, “பகலாகத்தான் இருக்கும். அவளுடைய காம்பரா அறையில் சன்னல் இருந்திருக்காது” என்றார். நீங்கள் எழுந்து போய் நீல அட்டை நோட்டை எடுத்து வந்து அதை எழுதிக்கொண்டீர்கள். கொழுந்து பறிக்கும் ஒரு கொழுந்துக்காரி சொன்னதை ஒரு டீச்சர் எழுதி வைத்துக்கொண்டதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. பெரியவளானால் உங்களைப் போல ஆக வேண்டும் என்று அன்று நினைத்தேன். இன்னும் அந்த நினைப்பு போகவில்லை என்பதுதான் எனக்கு ஆத்திரமாக இருக்கிறது.

அந்த இரவுக்கு வருகிறேன். 2022, மின்வெட்டுக் காலம். கோதுமை மா விலை ஏறி, ரொட்டி சுடும் வீடுகளில் ஒரு வேளை குறைந்திருந்தது. முந்தின ஆண்டு இரசாயன உரத்தை நிறுத்தியதன் விளைவு அப்போதுதான் மலையில் தெரியத் தொடங்கியது. செடி வெளுத்து நின்றது. 2015இலிருந்து கேட்டுக்கேட்டு 2021இல்தான் ஆயிரம் ரூபாய் நாட்சம்பளம் வர்த்தமானியில் வந்தது. வந்த கையோடு ஒரு நாளைக்குப் பறிக்க வேண்டிய கிலோவையும் ஏற்றினார்கள். செடியில் கொழுந்து இல்லை, கொழுந்து நிறுக்கும் மடுவத்துத் தராசுக்கு மட்டும் பதினெட்டு கிலோ வேண்டும். குறைந்தால் அரைப்பேர், அதாவது அரைநாள் கூலி. இதெல்லாம் நம் கூட்டத்துக்கு வெளியே இருந்த விஷயம் என்று நீங்கள் நினைத்தீர்களோ என்னவோ. ஈரச் சேலையோடு உங்கள் கூடத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் அதையும் கூடவே கொண்டுவந்திருந்தார்கள்.

மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் நான்தான் முதல் வசனத்தை வாசித்தேன். விடியற்காலையில் கூலி பேசி அமர்த்தப்பட்டவர்கள், பிறகு ஒன்பது மணிக்கு, பன்னிரண்டுக்கு, மூன்றுக்கு, கடைசியாகப் பொழுது சாய ஒரு மணி நேரம் இருக்கும்போது, வேதத்தின் கணக்கில் பதினோராம் மணி வேளையில், வந்தவர்கள். முடிவில் எல்லோருக்கும் ஒரே முழுநாள் கூலி. பாட்டி இடையில் புகுந்து, “ஆள் கூப்பிட துரையே வந்தாரா?” என்று கேட்டார். தோட்டத்து மேலதிகாரியைத்தான் நாங்கள் துரை என்போம். ஆமாம், ஐந்து வேளையும் அவரேதான் கடைத்தெருவுக்குப் போகிறார், காரியக்காரன் கூலி கொடுக்கிற நேரத்தில்தான் வருகிறான் என்றீர்கள். எல்லோரும் சிரித்தோம். நீங்களும் சிரித்தீர்கள். அந்த நேரத்தில் உங்கள் முகம் அவ்வளவு அழகாக இருந்தது அக்கா.

பிறகு பாட்டியின் கையைப் பிடித்துச் சொன்னீர்கள்: “பாட்டி, நீங்கள்தான் அந்தப் பதினோராம் மணி வேளைக்காரர். இப்போதாவது வந்துவிடுங்கள். முழுக் கூலி உண்டு.”

அன்போடுதான் சொன்னீர்கள். வெள்ளிக்கிழமை மாரியம்மன் கோவிலுக்கும் வியாழக்கிழமை நம் கூட்டத்துக்கும் வந்துகொண்டிருந்த அவர் ஞானஸ்நானம் எடுக்க வேண்டும் என்பது உங்கள் நெடுநாள் ஜெபம் என்றும் எனக்குத் தெரியும். பாட்டி கையை விடுவித்துக்கொள்ளவில்லை. பிடித்த கையோடே பேசினார்.

“நான் பிந்தி வந்தவள் இல்லை டீச்சரம்மா. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்கு முந்தி நின்றவள். பன்னிரண்டு வயதில் மலை ஏறினேன். இந்த வாரம் மூன்று நாளும் பதினாறு கிலோவைத் தாண்ட முடியவில்லை. மூன்று நாளும் அரைப்பேர் போட்டார்கள். விடிந்ததிலிருந்து மழையில் நின்றவளுக்கு அரைநாள் கூலி. ஒரு மணி நேரம் நின்றவனுக்கு முழுப்பேர் போட்ட துரை எந்தத் தோட்டத்தில் இருக்கிறார்? சொல்லுங்கள். நாளைக்கே போய்ப் பேர் பதிகிறேன்.”

வாசலில் குடை மடக்கும் சத்தம் கேட்டது. அதை நானும் கேட்டேன், நீங்களும் கேட்டீர்கள். உங்கள் கை பாட்டியின் கையை விட்டது. வேதப்புத்தகத்தை உங்கள் பக்கம் திருப்பி, பதினான்காம் வசனத்தையும் பதினைந்தாம் வசனத்தையும் நீங்களே வாசித்தீர்கள், ஒரு முறைக்கு இரண்டு முறை. “உன்னுடையதை நீ வாங்கிக்கொண்டு போ.” பிறகு, இது கூலியைப் பற்றிய கதை இல்லை, இரட்சிப்பைப் பற்றியது, தோட்டத்து விஷயத்தை இங்கே பேச வேண்டாம் என்று சொல்லிவிட்டு ஜெபத்துக்கு எழுந்தீர்கள். அப்போதுதான் நான் அந்தக் கேள்வியைக் கேட்டேன். உங்கள் வீட்டில், உங்கள் தேநீரைக் குடித்துவிட்டு, இது யாருடைய வேதம் என்று கேட்டேன். சார் உள்ளறையில் இருந்தார், வாசலில் அந்தக் குடைக்காரர் இருந்தார், உங்கள் மகள் பார்த்துக்கொண்டிருந்தாள். அத்தனை பேருக்கு முன்னால் உங்களைத் தலைகுனிய வைத்ததற்கு மன்னித்துக்கொள்ளுங்கள். கேள்விக்காக மன்னிப்புக் கேட்க முடியாது. அதற்குப் பதில் இன்னும் வரவில்லை.

உங்கள் நிலைமை எனக்குப் புரியாமல் இல்லை. வீடு தோட்டத்து வீடு, சாரின் வேலை தோட்டத்து வேலை. கூட்டம் போட்டுக் கிலோவைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று ஒரு வார்த்தை மேலே போனால் முதலில் சட்டி பானையைத் தூக்க வேண்டியது நீங்கள்தான். நாங்கள் லயத்துக்குத் திரும்பிவிடுவோம். இன்று எனக்கும் மாதச் சம்பளமும் இரண்டு பிள்ளைகளும் இருக்கும்போது, அந்தக் குடைச் சத்தம் உங்கள் வயிற்றில் என்ன செய்திருக்கும் என்று உணர முடிகிறது. பயமாக இருக்கிறது, இன்றைக்கு இதோடு நிறுத்துவோம் என்று சொல்லியிருந்தால் பாட்டியே முதலில் எழுந்து கதவைச் சாத்தியிருப்பார். நீங்கள் உங்கள் பயத்தை வசனத்தின் மேல் ஏற்றிவிட்டீர்கள். அடுத்த வியாழன் பாட்டி வரவில்லை. அதற்கடுத்து அவர் லயத்துப் பெண்கள் யாருமே வரவில்லை. சில மாதங்களில் நீங்கள் மாற்றலாகிப் போனீர்கள்.

1854இல் தமிழ்க் கூலி மிஷன் தொடங்கிய கதையை நீங்கள்தான் எங்களுக்குச் சொன்னீர்கள். கோப்பித் தோட்டங்கள் இருந்த காலம், தமிழ் உபதேசியார்கள் தோட்டம் தோட்டமாக நடந்தார்கள், அந்த ஊழியத்துக்குத் துரைமாரும் பணம் கொடுத்தார்கள் என்று பெருமையோடு சொல்வீர்கள். அந்த உபதேசியார்களின் கால்களை நானும் வணங்குகிறேன். ஆனால் துரையின் அனுமதியோடு மலை ஏறிய வேதத்தில், துரைக்குப் பிடித்த வசனங்களை மட்டும் உரக்க வாசிக்கும் பழக்கமும் சேர்ந்தே ஏறியிருக்க வேண்டும். அன்றிரவு உங்கள் குரலில் நான் கேட்டது அந்தப் பழக்கத்தை.

இந்த உவமையை அதற்குப் பிறகு நான் விடவில்லை. இதற்கு முந்தின அதிகாரத்தில் பேதுரு, எல்லாவற்றையும் விட்டு வந்தோமே, எங்களுக்கு என்ன கிடைக்கும் என்று கேட்கிறார். அதற்குத் தொடர்ச்சியாகத்தான் இந்தக் கதை வருகிறது. ஆகவே இது பரலோக ராஜ்யத்தைப் பற்றியது என்று நீங்கள் சொன்னதில் தவறில்லை. ஆனால் இயேசு அதைச் சொல்ல எடுத்தது கூலியை. ஏழைக் கூலிக்காரனின் கூலியைப் பொழுது போகுமுன் அதே நாளில் கொடு என்பது உபாகமம் இருபத்துநான்காம் அதிகாரத்துக் கட்டளை. ஏனென்றால் அன்றைய கூலிதான் அன்றைய அடுப்பு. கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு இது விளக்கம் இல்லாமலே தெரிந்திருக்கும். ஒரு நாள் கூலி என்பது ஒரு வீட்டின் ஒரு நாள் சாப்பாடு. பன்னிரண்டில் ஒரு பங்கு கூலியோடு திரும்புகிறவனின் பிள்ளை பன்னிரண்டில் ஒரு பங்கு பசியோடு இருக்காது. அந்த எஜமான் வேலையை எடை போட்டுவிட்டுக் கூலி கொடுக்கவில்லை, வீட்டில் காத்திருக்கும் வயிறுகளை நினைத்துக் கொடுத்தார். பாட்டி தேடிய துரை அவர்தான். அவரைத்தான் கதைக்குள் கண்டுபிடித்துவிட்டு உங்களிடம் விலாசம் கேட்டார்.

சும்மா நின்றவர்களைச் சோம்பேறிகள் என்று பிரசங்கத்தில் சொல்லக் கேட்டிருக்கிறேன். நாள் முழுக்க ஏன் இங்கே நிற்கிறீர்கள் என்று கேட்டதற்கு, “ஒருவரும் எங்களுக்கு வேலையிடவில்லை” என்கிறார்கள். எஜமான் அதை மறுத்து ஒரு சொல்லும் சொல்லவில்லை, நம்புகிறார். கூலி கொடுக்கும்போதும் கடைசியாய் வந்தவர்களிலிருந்து தொடங்கச் சொல்கிறார். முதலில் வந்தவர்களுக்கு முதலில் கொடுத்திருந்தால் அவர்கள் காசை முடிந்துகொண்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள், முணுமுணுப்பே வந்திருக்காது. அவர்கள் நின்று பார்க்க வேண்டும் என்று அவர் விரும்பியிருக்கிறார். இதையெல்லாம் உங்கள் கூடத்தில் உட்கார்ந்து உங்களோடு பேசியிருக்க வேண்டும். ஒற்றை ஆளாக, ராத்திரியில், சத்தமில்லாமல் வாசித்துக் கண்டுபிடித்தேன். கூட்டம் கலையாமல் இருந்திருந்தால் இதைவிட நல்ல வாசிப்பு கிடைத்திருக்கும்.

பாட்டி படுக்கையில் விழுந்த பிறகு ஒரு நாள், அந்தத் துரைக் கதையை வாசி என்றார். வாசித்தேன். பகலின் கஷ்டத்தையும் வெயிலின் உஷ்ணத்தையும் சகித்தோமே என்று முதலில் வந்தவர்கள் முறையிடும் இடத்தில் என் குரலில் கொஞ்சம் வெறுப்பு இருந்திருக்க வேண்டும். அவர் கையை உயர்த்தி நிறுத்தினார். “அவர்களைத் திட்டாதே. முதுகு வலித்திருக்கும்” என்றார். எத்தனையோ முறை வாசித்தும் அவர்கள் மேல் இரக்கப்பட எனக்குத் தோன்றியதே இல்லை. உங்களைப் பற்றியும் அன்று கேட்டார். டீச்சரம்மா நல்லவர், வீட்டுக்குள்ளே கூப்பிட்டு நாற்காலி போட்டார், நான்தான் பழக்கமில்லாமல் கதவோரம் உட்கார்ந்தேன் என்றார். அவருக்கு உங்கள் மேல் கோபமே இருக்கவில்லை. எனக்கு இருக்கிறது. அவருக்குப் பதிலாக நான் கோபப்படுவதில் நியாயம் இருக்கிறதா என்று தெரியவில்லை, ஆனால் படுகிறேன்.

2024இல் அடிப்படைச் சம்பளம் 1350 ரூபாய் ஆனதும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். எங்கள் மலையில் அரைப்பேர் இன்னும் இருக்கிறது. மேட்டு லயத்திலிருந்து பாட்டியின் மருமகளும் அவளுடைய கூட்டாளிப் பெண்களும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். கோவிலுக்குப் போகிறவர்களும் வருவார்கள், யாரிடமும் ஞானஸ்நானம் பற்றிக் கேட்க மாட்டோம். இதில் உங்களுக்கு உடன்பாடு இருக்காது. சபையில் சிலருக்கும் இல்லை. அவர்களோடு நான் பேசிக்கொள்கிறேன்.

உங்களிடம் கேட்க வேண்டியது ஒன்றுதான். அந்த நீல அட்டை நோட்டு. பாட்டி சொன்னவையெல்லாம் அதில் உங்கள் கையெழுத்தில் இருக்கின்றன. அவருடைய வீட்டில் அவர் சொன்னதாக வேறு ஒரு வரியும் இல்லை. கடைசி இரவில் அவர் பேசியதை எழுதினீர்களா என்று எனக்குத் தெரியாது. எழுதவில்லை என்றால் நான் சொல்கிறேன், உங்கள் கையாலேயே எழுதிவிடுங்கள். தபாலில் அனுப்ப வேண்டாம். ஹட்டன் பக்கம் வருகிற யாரிடமாவது கொடுத்துவிடுங்கள், அல்லது நீங்களே கொண்டுவாருங்கள். வந்தால் நீங்கள் நடத்த வேண்டாம்; ஆளுக்கொரு வசனம் என்ற உங்கள் சட்டம்தான், உங்களுக்கும் ஒரு வசனம் வரும். ஆறரைக்குத் தொடங்குவோம். முடிகிற நேரத்தில் ஹட்டனுக்கு பஸ் இருக்காது, எங்கள் வீட்டில்தான் தங்க வேண்டும். சாரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டு வாருங்கள்.

உங்கள் தங்கச்சி