பரம்பிக்குளம் டிராம்வேயின் மிச்சங்களைப் பாதுகாக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
பரம்பிக்குளம் குடியிருப்புவாசி,
முதலமடை ஊராட்சி, சித்தூர் வட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
பாலக்காடு.

பொருள்: கொச்சி சமஸ்தான டிராம்வேயின் மிச்சங்களைப் பாதுகாத்து, தமிழிலும் மலையாளத்திலும் தகவல் பலகை வைக்கக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். என் தாத்தா இந்தக் காட்டில் டிராம் வண்டியில் தேக்கு ஏற்றியவர். யானை இழுத்து வந்து போடும் கட்டையைக் கடப்பாரையால் நெம்பி வண்டியில் ஏற்ற வேண்டும். கயிறு நழுவினால் கால் போய்விடும் என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்.

காட்டு மரத்தைக் கீழே கொண்டுவரக் கொச்சி சமஸ்தானம் தன் சொந்தச் செலவில் போட்ட தண்டவாளப் பாதைதான் இந்த டிராம்வே. 1907-ல் ஓடத் தொடங்கியது. சாலக்குடியிலிருந்து பரம்பிக்குளம் காடு வரை ஏறத்தாழ 80 கிலோமீட்டர், மீட்டர் கேஜ். செங்குத்தான சரிவுகளில் இஞ்சின் கிடையாது. மரம் ஏற்றிய வண்டி கீழே இறங்கும்போது, அதன் பாரமே கம்பி வடத்தின் மறுமுனையில் இருக்கும் காலி வண்டியை மேலே இழுத்துவிடும். அப்படி இறங்கிய தேக்கு, சாலக்குடி வழியாகக் கொச்சித் துறைமுகத்துக்குப் போய்க் கப்பலேறியது. பிற்பாடு எல்லாம் நின்றுபோனது.

பறவைக் கணக்கெடுப்புக்காக வந்த பறவையியல் அறிஞர் சாலிம் அலி, 1933-ல் தங்கிய குரியார்குட்டியும் இந்தப் பாதையில்தான் இருக்கிறது.

இன்று சுற்றுலா வருகிறவர்கள் இங்குள்ள கன்னிமாரா தேக்கு என்ற பெரிய பழைய மரத்தின் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். ஐந்து பேர் கைகோர்த்தால்தான் அதைச் சுற்றி அணைக்க முடியும். வெட்டப் போனபோது ரத்தம் வந்ததால் விட்டுவிட்டார்கள் என்று கதையும் கேட்கிறார்கள். சரி, அந்த ஒரு மரம் தப்பியது. மற்ற மரங்கள் எந்த வழியாகப் போயின, யார் ஏற்றி அனுப்பினார்கள் என்பதும் அவர்களுக்குத் தெரிய வேண்டாமா?

ஆகவே, குரியார்குட்டிப் பாலம் உள்ளிட்ட மிச்சங்களை இனி யாரும் பெயர்த்து எடுக்காதபடி காக்கவும், பாதை சென்ற இடங்களில் இரு மொழிகளிலும் பலகை வைக்கவும் வனத்துறைக்கு ஆணையிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். அப்புறம், இன்னொன்று அவசரம். அந்தக் காலத்துக் கதைகளைத் தங்கள் பெற்றோரிடம் கேட்டு வளர்ந்த பெரியவர்கள் காடர், மலசர் பழங்குடிக் குடியிருப்புகளில் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வதை இந்த ஆண்டே பதிவு செய்ய வேண்டும்.

தாத்தா வைத்திருந்த தண்டவாள ஆணி ஒன்று எங்கள் வீட்டில் இருக்கிறது. சாண் நீளம், ஒரு பக்கம் வளைந்த தலை, அடித்த சுத்தியலின் தடம் இன்னும் அழியவில்லை. ஆனப்பாடி தகவல் மையத்தில் வைப்பதாக இருந்தால் நானே கொண்டுவந்து ஒப்படைக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
டிராம்வே தொழிலாளி ஒருவரின் பேரன்